மணி சார் அராவிய சங்கிலி

எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. கல்கத்தாவின் கார்டன் ரீச் மரக்கிடங்கில் நிதாயின் தோளை வாள்சங்கிலி கிழித்தது உண்மையிலேயே மணி சார் அதை அளவுக்கு மீறி அராவியதால்தானா? அவர் ஆம் என்றார், கையெழுத்தும் போட்டார். அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். சங்கிலியை லென்ஸ் வைத்துப் பார்த்தவளும் நான்தான். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சென்ற மாதம் லேக் மார்க்கெட் பக்கத்தில் தமிழர்கள் நாம் எல்லோரும் சாமான் வாங்கும் கடையில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். மெஷின் சத்தத்தை மீறிக் கடைக்காரர் கேட்டார்.

"டாலிகஞ்ச் போயிட்டு வந்தீங்களாம்மா? மணி சார் வீட்டுக்கு?"

"எதுக்கு?"

அவர் மெஷினை நிறுத்தினார். "ஐயையோ, உங்களுக்கு யாரும் சொல்லலியா? முந்தாநாள் காலையில. பேப்பர் படிச்சிட்டிருந்தவர் அப்படியே சாஞ்சிட்டாராம். நேத்தே எல்லாம் ஆயிடுச்சு." வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினை மறுபடியும் போட்டார். "கால் கிலோதானே சொன்னீங்க?"

கால் கிலோதான் என்றேன்.

இதைப் படிக்கிற நம் தமிழ்ச் சங்கத்து அன்பர்களுக்குச் சுப்பிரமணியன் என்று சொன்னால் உடனே தெரியாது. மணி சார் என்றால் தெரியும். நவராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் நாள் மண்டபத்தின் பின்பக்கம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, சமையல்காரர்களின் அரிவாள்மணைகளை வரிசையாகத் தீட்டித் தருவாரே, அவர்தான். பந்தியில் கடைசியாக உட்காருவார். மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் ஒரு மரக்கிடங்கில் டூல் ரூம் பொறுப்பாளராக இருந்தார் என்பதும், அங்கே என்ன செய்தார் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நான் அறிந்த மணி சார் அங்கேதான் இருந்தார்.

அறுபதுகளின் கடைசியில் நான் அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். தாவரவியல் படித்தவள். வந்து இறங்கும் கட்டை தேக்கா, சால் மரமா, அல்லது தேக்கு என்று சொல்லி அனுப்பப்பட்ட வேறு ஏதாவதா என்று குறுக்குவெட்டைக் கைலென்ஸால் பார்த்து எழுதித் தரவேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன், ஊகத்தை எழுதமாட்டேன். மணி சார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், திருநெல்வேலிக்காரர். முதல் வாரமே என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்தக் கட்டை என்னன்னு பாத்தீங்களா?"

"தேக்கு. சந்தேகமே இல்லை."

"பேரு கெடக்கட்டும். அது எப்படி வந்துச்சு? ரயில்லயா, ஆத்துலயா?"

"அதை ஏன் என்னைக் கேக்கறீங்க? வந்த வழி லென்ஸில் தெரியாது."

"அதான் எனக்கு வேணும். பேர வச்சு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் கேட்டார் என்பது சில நாள் கழித்துத்தான் புரிந்தது.

கிடங்கில் பெட்ரோலில் ஓடும் வெளிநாட்டுச் சங்கிலி வாள் இரண்டு இருந்தன. அந்த நாளில் கல்கத்தாவில் அது அபூர்வம். நீண்ட தகட்டைச் சுற்றி சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி ஓடும். அதில் ஒரு பல் இடது பக்கம், அடுத்த பல் வலது பக்கம் என்று மாறி மாறி வெட்டும். டூல் ரூம் சுவரில் மணி சார் இரண்டு வகைச் சங்கிலிகளை இரண்டு ஆணிகளில் தனித்தனியாக மாட்டியிருந்தார். ஒன்று வட்ட அரத்தால் அராவுவது. அதன் பல்லின் உட்புறம் வளைந்திருக்கும், முனை கொஞ்சம் மழுங்கலாகவே இருக்கும். ஆற்றில் மிதந்து சேறும் மணலுமாக வரும் கட்டைகளை அது பொறுத்துக்கொள்ளும். மற்றது சதுரப் பல். வளைவே கிடையாது, இரண்டு தட்டை முகங்கள் ஒரு கூரிய மூலையில் சந்திக்கும். அந்த மூலைதான் மரத்தை அறுக்கிறது. சுத்தமான கட்டையில் அது வெண்ணெயில் கத்தி போல இறங்கும். வெட்டிய முகம் இழைத்ததுபோல் இருப்பதால் என் லென்ஸுக்கும் வசதி. ஆனால் ஒரு பிடி மணல் போதும், மூலை போய்விடும். ஆகவே சங்கிலியைத் தேர்ந்தெடுப்பதற்கு அவருக்கு மரத்தின் பெயர் தேவைப்படவில்லை; அது புரண்டு வந்த பாதை தேவைப்பட்டது.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுத இது புகழுரை அல்ல. ஒருமுறை, வந்த வழியைக் குறித்த சீட்டு இல்லாமல் ஒரு தேக்குக் கட்டை வந்தது. பட்டை உரித்து, பார்க்கச் சுத்தமாக இருந்தது. மணி சார் வெடிப்புகளில் நகத்தை விட்டுச் சுரண்டிப் பார்த்தார், மணல் இல்லை. சதுரச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். வாளைப் பிடித்தவர் நிதாய். கிடங்கில் அவரைவிட நல்ல கை கிடையாது. அவரைவிட அதிகம் பேசுகிற வாயும் கிடையாது. ஐந்து நிமிடத்தில் செதிள்களுக்குப் பதில் மாவாகக் கொட்டியது, புகை வந்தது. உள்வெடிப்பு முழுக்க ஆற்று மணல்.

நிதாய் வாளை அணைத்துவிட்டு முற்றம் முழுக்கக் கேட்கிறாற்போல் வங்காளத்தில் கத்தினார். "மோனிதா! கட்டையை வெட்டச் சொன்னீங்களா, கோதுமை அரைக்கச் சொன்னீங்களா?"

வங்காளிகளின் வாயில் மணி எப்போதும் மோனிதான்; 'தா' என்றால் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். மணி சார் நோட்டை எடுத்து, 'சங்கிலித் தேர்வு தவறு, பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சீட்டே இல்லாதபோது உங்க தப்பு எப்படி ஆகும்?" என்று கேட்டேன்.

"சீட்டு இல்லைன்னா விசாரிச்சிருக்கணும்லா? நான் விசாரிக்கல" என்றார்.

அந்தச் சங்கிலியை மீட்க அவருக்கு மூன்று மதியங்கள் ஆயின. சாப்பாட்டு வேளையில் நான் அங்கே போய் உட்காருவதுண்டு. அலுவலகத்தில் பெண்களுக்கென்று தனி அறை கிடையாது. டூல் ரூமில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கிருந்து ஆறு தெரியும். அவர் பேசமாட்டார், எனக்கும் அது சௌகரியம். சங்கிலியை முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவார். தகட்டை மேசை இடுக்கியான வைஸில் கடித்துவைத்து, தொடங்கும் பல்லின் மேல் என் மேசையிலிருந்து எடுத்துவந்த சிவப்பு மையை ஒரு சொட்டு வைப்பார், சுற்றி வந்து சேர்ந்தது தெரிவதற்காக. சதுர அரத்தின் விளிம்பு பல்லின் உள்மூலையில் மிகச் சரியாக உட்காரவேண்டும். மயிரிழை மேலே போனால் மூலை அலகு மாதிரி நீண்டு இரண்டே வெட்டில் உடையும். கீழே போனால் மூலை பின்வாங்கி மரத்தைத் தொடாது. வட்ட அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவார்கள். இதை அவர் வெளியிலிருந்து உள்ளே தள்ளுவார், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுவார். இரண்டு தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் இரண்டு. இடது பற்கள் முடிந்ததும் வைஸைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் வலது பற்கள்.

"வட்ட அரம் மன்னிச்சிரும். இது மன்னிக்காது" என்று ஒருமுறை சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட தத்துவம் இது ஒன்றுதான். அதையும் அரத்தைப் பற்றித்தான் சொன்னார்.

கடைசியில் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் கட்டுப்படுத்துகிறது. பல் தேயத் தேய மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்கவேண்டும். அதிகம் இறக்கினால் பல் மரத்தை அறுக்காமல் பிடுங்கும்; வாள் ஆளை நோக்கித் துள்ளும். அதற்கு ஒரு அளவுத் தகடு வைத்திருந்தார். சங்கிலியின் மேல் தகட்டை வைத்துப் பார்க்காமல் ஒரு மேட்டையும் தொடமாட்டார். நான் பார்த்தவரை.

அவர் உண்மை மட்டுமே பேசுகிறவர் என்று இதுவரை எழுதியதை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாலிகஞ்ச் வீட்டுக்கு வந்திருந்தார். என் அம்மா தன் கல்யாணச் சீராக வந்த அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தீட்டிவிட்டு, அலகைச் சுண்டிப் பார்த்து, "இந்த மாதிரி இரும்பு இப்ப எங்க கெடைக்குது மாமி! இன்னும் ஒரு தலைமுறை வெட்டும்" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது; இரண்டாவது டம்ளர் காப்பி வந்தது. மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அது வெறும் தகரம்மா. அடுத்த மாசம் வேற வாங்கிக் குடுத்திருங்க. அவுங்ககிட்ட நான் சொன்னதைச் சொல்லிராதீங்க, என்னா?"

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பொய் சொல்லியிருந்தார்.

எழுபதுகளின் நடுவில், மழைக்கு முந்தைய ஒரு காலையில், அந்த விபத்து நடந்தது. அவசரமாக முடிக்கவேண்டிய தேக்கு ஆர்டர். ரயிலில் வந்த கட்டை, சதுரச் சங்கிலி. வாள் துள்ளி நிதாயின் இடது தோளில் இறங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். அந்தக் கை இனி வாள் பிடிக்காது என்றும் சொன்னார்.

நான்காம் நாள் விசாரணை. புதிதாக வந்திருந்த மேனேஜர், பணியாளர் அதிகாரி, மரம் தெரிந்தவள் என்பதால் நான். கேள்வி ஒன்றுதான்: வாளைப் பிடித்தவரின் கவனக்குறைவா, இல்லையா? கவனக்குறைவு என்றால் நிதாய்க்கு வேலை இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். தோள் கிழிந்த வாள்காரரை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், கண் தெரியாத அம்மா. கட்டையில் ஆணியோ கணுவோ இருந்து அதில் வாள் தட்டியிருந்தால் அவர் மேல் பழி வராது. நான் அந்தக் கட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஆணி இல்லை. கணு இல்லை. இல்லை என்றே எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். நிதாய் பேசிக்கொண்டே வெட்டினார், வாளின் மூக்கை மரத்தில் இடித்தார் என்று ஒரு சாட்சியும் இருந்தது. "அப்ப விஷயம் முடிஞ்சுது. மரத்துல குறை இல்லை, மெஷின்ல குறை இல்லை. மிச்சம் ஆள்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

அப்போதுதான் மணி சார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய சங்கிலி, அளவுத் தகடு. மேசையில் விரித்து, சங்கிலியின் மேல் தகட்டை வைத்தார். ஒவ்வொரு மேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"இதை அராவினவன் நான். அன்னைக்குக் காலையிலதான் அராவினேன். மேடு அளவுக்கு மேல எறங்கிருக்கு பாருங்க. இப்படி எறங்கிருந்தா யாரு பிடிச்சாலும் துள்ளும். நிதாய் மேல தப்பு கிடையாது" என்றார். முதலில் ஆங்கிலத்தில் மேனேஜரிடம். பிறகு அவசியமே இல்லாமல் தமிழில் என்னிடம்.

"அளவு பார்க்காமலா அராவினீங்க?" என்று பணியாளர் அதிகாரி கேட்டார்.

"பாக்கல. கண்ணாடி மாத்தி ஒரு மாசம்தான் ஆவுது. கண்ணை நம்பிட்டேன்."

கண்ணாடி மாற்றியது உண்மை. கட்டம் போட்ட புதுப் பெட்டியை நானே பார்த்திருந்தேன். மேனேஜர் சங்கிலியை என் பக்கம் தள்ளினார். "மேடம், நீங்க பாருங்க."

லென்ஸை வைத்தேன். மேடுகள் தாழ்ந்திருந்தன, அதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் தலைகள் பளபளவென்று இருந்தன. அரத்தின் கீறல்கள் குறுக்கே மட்டும் ஓடின. மரத்தில் ஓடிய சங்கிலியானால் நெடுக்காகவும் கீறல் விழுந்திருக்கும், தேக்கின் எண்ணெய்ப் படலம் கருப்பாக ஒட்டியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. விபத்து முடிந்து சங்கிலி மூன்று நாட்கள் டூல் ரூம் அலமாரியில் இருந்தது. சாவி அவரிடம் இருந்தது.

ஆனால் ரத்தம் பட்ட சங்கிலியை அவர் மண்ணெண்ணெயில் கழுவாமல் வைத்திருப்பாரா? கழுவினால் படலம் போய்விடும். காலையில் அராவியது உண்மையானால், வாள் எவ்வளவு நேரம் ஓடியது? பத்து நிமிடம் என்றார் ஒருவர், அரை மணி என்றார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் நெடுக்குக் கீறல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விழுமா? எனக்குத் தெரியாது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் சோதித்ததில்லை.

மணி சார் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடுகள் அளவைவிடத் தாழ்ந்திருக்கின்றன" என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை."

பார்த்ததை எழுதுகிறவள் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன். அன்று நான் பார்த்ததில் பாதியைத்தான் சொன்னேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மணி சாரிடம்கூட. அவரும் கேட்டதில்லை. அதன்பிறகு பத்து வருஷங்களுக்கு மேல் நவராத்திரிக்கு நவராத்திரி பார்த்துக்கொண்டோம். என்னம்மா, சௌக்கியமா என்பார். சௌக்கியம் என்பேன். கண்புரைக்கு அவர் அறுவை செய்துகொண்டபோது பார்க்கப் போனேன். இந்தக் கண்தான் அன்றைக்கும் ஏமாற்றியதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் வீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்தார், கேட்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அரமோ புகைப்படமோ அல்ல. அந்த அறையில் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம். அது சரியா தவறா என்று முடிவு செய்யும் ஆதாரம் என்னிடம் இல்லை. ஆனால் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லமாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

விசாரணைக்கு மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் உத்தரவு வந்தது. நிதாய்க்கு வேலை உண்டு; குணமானதும் வாசல் கேட்டில் சீட்டுச் சரிபார்க்கும் வேலை. மணி சார் டூல் ரூமிலிருந்து நீக்கப்பட்டுச் சாக்கும் கயிறும் வைக்கும் கொட்டகைக்கு மாற்றப்பட்டார். சதுரச் சங்கிலி இனிக் கிடங்கில் கூடாது.

பதினொரு மணி சுமாருக்கு நிதாய் ரிக்ஷாவில் வந்தார். தோளிலிருந்து முழங்கை வரை கட்டு, சட்டை ஒரு கையில் மட்டும். யாரோ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். நேராக முற்றத்தின் நடுவில் போய் நின்று மணி சாரைக் கூப்பிட்டார். கையில் சாவிக்கொத்தோடு மணி சார் வெளியே வந்தார்.

"கண்ணு தெரியலைன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே? இருபது வருஷம் பிடிச்ச கை இது! இனி இதால என் பொண்ணைத் தூக்கக்கூட ஆகாது. உங்களை நம்பித்தானே தினம் அதைக் கையில எடுத்தேன், மோனிதா? நீங்க குடுத்தா பாக்காமலே வாங்குவேனே!"

முற்றத்தில் நாற்பது பேர் நின்றிருந்தோம். நிதாய் அழுதுகொண்டே இன்னும் நிறையச் சொன்னார். சில சொற்களை இங்கே எழுத முடியாது. மணி சார் தலை குனியவில்லை. நிதாய்க்கு மூச்சு வாங்கி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஆமாரி தோஷ்" என்றார். என் தப்புதான்.

நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். லென்ஸ் கழுத்தில் தொங்கியது. அப்போதும் நான் பேசவில்லை.

நிதாய் பீடி ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். தீப்பெட்டியை ஒரு கையால் திறந்து உரசப் பார்த்தார். குச்சிகள் தரையில் கொட்டின. யாரும் அசையவில்லை. மணி சார் குனிந்து ஒரு குச்சியைப் பொறுக்கி, நிதாயின் கையிலிருந்த பெட்டியிலேயே உரசி நீட்டினார். நிதாய் அந்த நெருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே பீடியை மட்டும் அதன் பக்கம் கொண்டுவந்தார்.